பாட்டு முடிந்த பிறகும் என்ன வாசிக்கிறார்கள்?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1977 கச்சேரிப் பதிவை என் மகன் கொடுத்தான். இரண்டு பாட்டுக்கே 25 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, பாதியில் என் கவனம் எங்கேயோ போய்விடுகிறது. அவனோ திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன் அம்மா. ஸ்கார்லெட் பிகோனியாஸ் என்ற பாட்டைப் பாடி, நிறுத்தாமல் அப்படியே ஃபயர் ஆன் தி மவுன்டனுக்குள் போவார்கள். எனக்கும் முதல் தடவை பிடிபடவில்லை. பாடகர் வாயை மூடியதும் பாட்டு முடிந்தது என்று காது நினைத்துக்கொள்கிறது, ஆனால் இந்த மாதிரி குழுக்களுக்கு வேலையே அங்கேதான் தொடங்குகிறது. நாகஸ்வரக்காரர் ராகத்தை இழுத்துக்கொண்டே போகும்போது சாகித்தியம் எங்கே என்று நாம் தேடுவதில்லை, இல்லையா? அதே காதோடு கேளுங்கள்.

ஒன்று செய்யுங்கள். ஜெர்ரி கார்சியாவின் கிதார் தானாகவே காதில் விழும், அதைத் துரத்த வேண்டாம். ஒருமுறை முழுக்க ஃபில் லெஷ்ஷின் பேஸை, அதாவது கனத்த அடிக்குரல் கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடியில் சும்மா தாளத்துக்குத் துணை நிற்காமல் கிதாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வருவார், சில இடங்களில் அவர்தான் இழுத்துப் போகிறார். அப்புறம் இன்னொரு நாள் டிரம்ஸ். இரண்டு பேர் வாசிக்கிறார்கள். கடைசியாக, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த இடம். நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், பழையது இந்த நொடியில் முடிந்தது என்று இன்னும் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை! இரண்டாவது பாட்டில் மாறி மாறி வருவது பெரும்பாலும் இரண்டே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), அதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறார்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமலே போய்விடும், ஹெட்போன் வேண்டும். மகன் கொடுத்தது எந்தப் பதிவு என்றும் கேளுங்கள். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் ஒலிக்கலவை மிக்சரிலிருந்து நேராக எடுத்த டேப் பல வருடம் ரசிகர்களிடையே கைமாறி, 2017இல் ஆல்பமாக வந்தது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் தெரியும், உங்களுக்கு அதுதான் சரி. கூட்டத்தில் மைக் வைத்துப் பிடித்த பதிவில் ஹாலின் எதிரொலியும் கூச்சலும் சேர்ந்து வரும். பேஸ் பழகிய பிறகு அதையும் கேளுங்கள், எந்த இடத்தில் ஜனங்கள் கத்துகிறார்கள் என்று பாருங்கள்.