பழைய பாய்மரப் படகில் தேய்ந்த கீல்களைச் சீர்செய்தால் போதுமா, மாற்றியே தீர வேண்டுமா?

பழைய படகு ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, 'இந்தக் கீலெல்லாம் இன்னும் பத்து வருடம் ஓடும்' என்று விற்றவர் சொன்னதை நம்பலாமா என்ற தவிப்பில்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நம்பாதீர்கள். கப்பி, கொக்கி போன்றவற்றைக் கழற்றிக் கழுவி, விரிசல் இல்லையென்றால் மீண்டும் மாட்டலாம். சுக்கானையும் பாய்மரத்தையும் பிடித்து நிற்கும் பாகங்களில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

செட்டிநாட்டுக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த கதையை நான் இழுக்கப்போவதில்லை. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் தொண்டிக் கடற்கரை ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கேதான் நானும் என் அம்மானும் சேர்ந்து வாங்கிய 18 அடி மரப்படகு நின்றது.

அதன் சுக்கானைத் தாங்கிய இரண்டு கீல்களும் தேய்ந்து, கையால் அசைத்தாலே லொடலொடவென்று ஆடின. எங்கள் வீட்டு முகப்புக் கதவின் பித்தளைக் கீல் மூன்று தலைமுறையாக அசையாமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த கனத்த பித்தளைக் கீல்கள் இரண்டை வாங்கி, பட்டறையில் கடைந்து பொருத்தினேன். புளி போட்டுத் துலக்கியதும் தங்கமாய் மின்னின. அம்மானிடம் பெருமையடித்துக்கொண்டதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டாம் வருடம், கரைக்குத் திரும்பும் வழியில், பெரிய காற்றுகூட இல்லாத ஒரு பிற்பகலில், தண்ணீருக்குள் இருந்த கீழ்க்கீல் மளுக்கென்று முறிந்தது. துடுப்பையே சுக்கானாகப் பிடித்துக் கரை சேர்ந்தோம். முறிந்த வாயைத் தொண்டியில் படகு கட்டும் ஓடாவி ஒருவரிடம் காட்டினேன். மஞ்சளுக்குப் பதிலாகச் செங்கல் பொடி நிறத்தில், நகத்தால் சுரண்டினால் உதிரும்படி இருந்தது. "இது வீட்டுக் கதவுக்குப் பிறந்தது தம்பி, இதைக் கடல்ல கொண்டாந்து மாட்டிட்டீங்க" என்றார். சாதாரணப் பித்தளையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு துத்தநாகம் இருக்கும். உப்புநீர் அதை மட்டும் கரைத்து எடுத்துவிட, வடிவம் மாறாமல் வலுவில்லாத செம்புச் சக்கை மிஞ்சுகிறது. அதே வீட்டின் இன்னொரு கீல், நீர்மட்டத்துக்கு மேலே இருந்ததால், அரத்தால் உரசிப் பார்த்தபோது உள்ளும் மஞ்சளாகவே இருந்தது. ஆகவே பித்தளையே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தண்ணீருக்குள் ஆகாது என்கிறேன்.

பிறகு துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினேன். அதிலும் ஏமாந்தேன். 316 தரம் கேட்டதற்கு, காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டி ஒரு கடைக்காரர் விற்றார். மூன்றே மாதத்தில் தேநீர் வடிந்தாற்போல் துருக்கோடு இறங்கியது. விலை குறைந்த 304 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 316-இல் கூடுதலாக, உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 விழுக்காடு உண்டு. அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே இப்போது வாங்குகிறேன். நல்ல எஃகையும் பொருத்திவிட்டு மறந்துவிட முடியாது. காற்றுப்படாமல் ஈரம் தேங்கும் இடுக்கில், அதாவது போல்ட்டின் மரத்துக்குள் மறைந்த பகுதியில், அது ஓசையின்றி அரிக்கப்படும் என்பதால், வருடம் ஒருமுறை ஒரு போல்ட்டையாவது உருவிப் பாருங்கள்.

புதுக் கீலைப் பழைய துளையிலேயே முறுக்கிவிடாதீர்கள். ஆட்டத்தில் துளை நீள்வட்டமாகியிருக்கும். அதைப் பெரிதாக்கி, நன்றாக உலரவிட்டு, எப்பாக்சி என்ற இறுகும் பசையால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். நான் அவசரப்பட்டு ஈர மரத்தில் நிரப்பியதால் அது பிடிக்காமல், அந்த வேலையை இரண்டு முறை செய்தேன்.