எக்ஸ்போர்ட் ஏறுனா எல்லாருக்கும் சம்பளம் ஏறுமா?

"எக்ஸ்போர்ட் ஏறுனா தொழிலாளிக்கும் சம்பளம் ஏறும்னு சொல்றாங்களே நிஜமா, இல்ல படிச்சவங்களுக்கு மட்டும்தானா?"ன்னு கேட்டிருக்கீங்க. ஏறும்ங்க, ஆனா ஒரே மாதிரி ஏறாது. நான் திருப்பூர்ல மெர்சண்டைசரா, அதாவது வெளிநாட்டு பையர்கிட்ட (துணி வாங்கறவங்ககிட்ட) ஆர்டர் பேசற வேலைல இருந்தவன், அதனால பனியன் கம்பெனிய வச்சே சொல்றேன்.

1941ல வந்த ஸ்டோல்பர்-சாமுவேல்சன் தியரின்னு ஒண்ணு இருக்கு. அத வச்சு, ஆள் பலம் அதிகமா இருக்கற நாடு வெளிநாட்டு வியாபாரத்துல இறங்குனா சாதாரணத் தொழிலாளி கூலி ஏறும், படிச்சவங்க சம்பளத்தோட இருக்கற இடைவெளி குறையும்னு எதிர்பார்த்தாங்க. ஆனா மெக்சிகோவுலயும் நம்ம நாட்டுலயும் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவத் திறந்து விட்டதுக்கப்புறம் இடைவெளி கூடத்தான் செஞ்சுது.

ஏன்னு தெரியணும்னா ஒரு டி-ஷர்ட்டோட காஸ்டிங் ஷீட்ட, அதாவது எதுக்கு எவ்வளவு செலவுங்கற கணக்க எடுத்துப் பாருங்க. நூல் விலை மில்லுக்காரங்க சொல்றதுதான். டையிங்லயும் பெருசா குறைக்க முடியாது, 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைய மூடச் சொன்னதுல இருந்து கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவு வேற அதுல ஏறி உக்காந்திருக்கு. லேபிள், பட்டன் எல்லாம் யார்கிட்ட வாங்கணும்னு பல பையர் அவனே சொல்லிடுவான். இந்த நிலைமையில பீஸுக்கு பத்து சென்ட் குறைங்க, பங்களாதேஷ்ல இந்த ரேட்டுக்கு தர்றாங்கன்னு ஒரு மெயில் வரும் (அவங்களுக்கு ஐரோப்பாவுல வரி இல்ல, நமக்கு உண்டு), வேற எங்கயும் கை வைக்க முடியாம கடைசில தையல் கூலிலதான் வந்து நிக்கும். அந்த மெயிலுக்கு பதில் போடுற என்ன மாதிரி மெர்சண்டைசருக்கு சம்பளம் குறையாது, பவர் டேபிள்ல (கரண்ட் தையல் மெஷின் வரிசைல) உக்காந்திருக்கற டெய்லருக்குத்தான் பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு குடுக்கற கூலி, குறையும்.

அதுக்காக கூலி ஏறவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாடும் இவ்வளவு துணிதான் அனுப்பலாம்னு அளவு வச்சிருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1ல முடிஞ்சு ஆர்டர் பெருகினப்போ ஆள் கிடைக்காம கம்பெனிங்க அல்லாடுச்சு, பீகார், ஒடிசால இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க. ஊருக்குள்ள விவசாயக் கூலிக்குப் போறதவிட பனியன் கம்பெனி மேல்னு இன்னைக்கும் வர்றாங்க.

இன்னொண்ணு, இந்தச் சம்பள இடைவெளி ஆராய்ச்சிலயெல்லாம் ஸ்கில்டு (திறமையான) தொழிலாளின்னா பெரும்பாலும் எத்தன வருசம் படிச்சாங்கங்கறதத்தான் பாக்கறாங்க. எனக்கு அது சரியாப் படல. பையருக்குக் காட்ட மாதிரி பீஸ் தைக்கற சாம்பிள் டெய்லர்னு ஒருத்தர் இருப்பார், அஞ்சாவது தாண்டியிருக்க மாட்டார், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்னு எல்லா வகைத் தையல் மெஷினும் ஓட்டுவார், பையர் அனுப்புன போட்டோவ மட்டும் பாத்து குழந்தைக்குப் போடற ரோம்பர் (மேல்-கீழ் சேர்ந்த உடுப்பு) ஒண்ண தைச்சுக் குடுத்துருவார். ஆர்டர் இல்லாத மாசத்துலயும் அவர விட மாட்டாங்க, பக்கத்து கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிருவான்னு பயம். ஆனா கணக்குல அவர் படிக்காத தொழிலாளி.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல வரிய 50 சதவீதமாக்குனப்பவும் இதே கதைதான். இந்த மாதிரி நேரத்துல மொதல்ல போறது ஓவர்டைம், அப்புறம் கான்ட்ராக்ட் டெய்லர், செக்கிங், கைமடி (துணி மடிக்கற) ஆளுங்க. துணி வெட்ட அளவு மாதிரி போடற பேட்டர்ன் மாஸ்டர் வரைக்கும் அந்த அடி வர ரொம்ப நாள் ஆகும்.

அதே வருசம் ஜூலைல பிரிட்டனோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, துணிக்கு அங்க இருக்கற வரி போயிரும்னு ஊரே குஷியாச்சு. ஆர்டர் வரும், சந்தேகமில்ல. ஆனா மிச்சமாகற அந்த வரிப் பணத்துல பாதிய விலைல கழிச்சுக் குடுங்கன்னு பையர் மொத மெயில்லயே கேப்பான், அது போக மீதில டெய்லருக்கு எவ்வளவுங்கறது அடுத்த சம்பள ஒப்பந்தத்துல தொழிற்சங்கத்துக்காரங்க எவ்வளவு அடிச்சுப் பேசறாங்கங்கறதப் பொறுத்துதான்.