பல்லுக்குக் கிளிப் போட்டால் முதுகு நிமிருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 13 வயதுப் பெண், முதுகெலும்பு பக்கவாட்டில் 28 டிகிரி வளைந்திருக்கிறது, டாக்டர் பெல்ட் எழுதியிருக்கிறார். பிள்ளை இடது பக்கமாகவே மெல்கிறாள், பல்லுக்குக் கிளிப் போட்டால் முதுகும் நிமிரும் என்று யாரோ சொன்னார்களாம். நிமிராது.

பல் டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம், தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதுகு வளைந்த பிள்ளைகளிடம் கோணல் கடியும், மேல்வரிசை கீழ்வரிசை நடுக்கோடு விலகியிருப்பதும் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆனால் மெல்லுவதுதான் முதுகை வளைத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நன்றாகத் தெரிந்த பாதிப்பு தலைகீழானது. 1940களில் வந்த மில்வாக்கி பிரேஸ் என்ற பழைய முதுகு பெல்ட்டில் தாடைக்கு அடியில் ஒரு தாங்கி இருந்தது. நாளுக்கு 23 மணி நேரம் அது வளரும் தாடையை மேலே நெட்டியதில் முன்பற்கள் வெளியே சாய்ந்தன, கடியே மாறிப்போனது. பிறகு தாங்கியைத் தொண்டைப் பக்கம் மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் கொடுப்பது அக்குளுக்குக் கீழேயே நின்றுவிடும் பிளாஸ்டிக் பெல்ட், தாடையைத் தொடாது.

ஒரு பக்கமாக மெல்வதற்குக் காரணத்தை வாய்க்குள் தேடுங்கள். வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை கொடுத்து, முதல் கடி எந்தப் பக்கம் என்று குறியுங்கள். சொல்லிவிட்டுப் பார்த்தால் மாற்றிக் கடிப்பாள், டிவி ஓடும்போது பாருங்கள். அநேகமாக எல்லாம் இடது என்றால் வலது கடைவாயில் டார்ச் அடியுங்கள்: சொத்தை இருக்கலாம், அல்லது இந்த வயதில் முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருக்கலாம். அவளுடைய மூன்று விரல்கள் அடுக்காக நுழையுமளவு வாய் திறக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த நிறுத்தம்தான்.

பெல்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவான 50 டிகிரியைத் தொடவில்லை. பெல்ட் வயிற்றை அழுத்தும், முழுத் தட்டுச் சோறு இறங்காது. அரை வயிறாக ஐந்தாறு வேளை கொடுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன், நாளுக்கு இரண்டு. பவுடர், க்ரீம் வேண்டாம், தோல் ஊறி உரியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முதுகு முழுவதையும் ஒரே படமாக, நிற்க வைத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்துக் கொடுக்கும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. நின்றால் 28 காட்டுவது படுத்தால் குறைவாகத்தான் தெரியும். குறைந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டு, பெல்ட்டைப் பரண் மேல் போட்டுவிடுவார்கள்.