ஈழத்தலரிப் போத்து ஏன் அழுகுகிறது?

கேள்வி: பக்கத்து வீட்டில் மரத்தைக் கழித்தபோது வெள்ளை ஈழத்தலரிக் கிளைகள் இரண்டை வாங்கி வந்தேன். ஒன்றை அன்றைக்கே செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் நுனியில் துளிர் வந்தது. இப்போது அடி கறுத்து, கொழகொழவென்று இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? இன்னொரு கிளை நடாமலே சுவரோரம் கிடக்கிறது. அது செத்துவிட்டதா? – வாசகி, திருச்சி

பதில்: சுவரோரம் கிடப்பதுதான் இப்போது நல்ல நிலையில் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஈழத்தலரி, கள்ளிமந்தாரை, ப்ளூமேரியா என்று நாம் பல பெயரில் சொல்லும் இந்த மரம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுப் பகுதிகளைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் மழை இல்லாத காலத்தை, தடித்த தண்டில் தேக்கிவைத்த நீரைக் கொண்டே கடத்தப் பழகியது. வெட்டிய கிளைக்குள்ளும் அந்தத் தண்ணீர் இருக்கிறது. வேர் இல்லாத கிளையால் நீங்கள் ஊற்றியதைப் போதுமான அளவு குடிக்க முடியாது. ஈரம் பச்சைக் காயத்தைச் சுற்றியே நிற்கும். அதன் வழியாகப் பூஞ்சை உள்ளே புகும். தொழுவுரம் ஈரத்தை இன்னும் பிடித்து வைத்திருக்கும். உங்கள் தொட்டியில் நடந்தது இதுதான்.

துளிரைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் நினைப்பதுதான். ஆனால் முதல் துளிர் தண்டில் இருக்கும் சேமிப்பிலிருந்து வருவது. சில கிளைகள் வேரே இல்லாமல் பூங்கொத்துகூட விடும். அப்படி விட்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டிய சத்து அது.

அழுகிய கிளையைப் பிடுங்கி, வெள்ளரிக்காய் நறுக்குவது போல அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே மேலே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள், இல்லாவிட்டால் நோயை நீங்களே மேலே கொண்டுபோவீர்கள். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாக இருந்து, தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற சோற்றில் பழுப்புப் புள்ளிகூட இல்லாமல், பால் சுரந்து வந்தால் அங்கே நிறுத்தி, மிச்சத்தை இரண்டாவது கிளைக்குக் கீழே சொல்வது போலவே காயவைத்து நடலாம். மிச்சம் ஒரு சாணுக்கும் குறைவென்றால் பிழைப்பது சிரமம். அந்தப் பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது கிளைக்கு வருவோம். விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் சுருங்கியிருந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் அது வெறும் தாகம்தான், பயமில்லை. அமுங்கினால் அழுகல். ஒன்று முதல் ஒன்றரை அடி நீளம், கட்டைவிரல் பருமன், பச்சை மாறிச் சாம்பல் நிறம் ஏறிய தண்டு – இதுதான் நல்ல போத்து, அதாவது நடுவதற்கேற்ற கிளைத்துண்டு. இலைகளைக் கழித்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் பத்துப் பதினைந்து நாள் காய வேண்டும். அடிக்காயம் ஆறிப் பொருக்குக் கட்டியிருப்பதைத் தொட்டாலே தெரியும்: பிசுபிசுப்பு போய், சொரசொரப்பாக, உலர்ந்து இருக்கும்.

மண் விஷயத்தில் உரத்தை அடியோடு மறந்துவிடுங்கள். பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் துகளோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளோ ஒரு பங்கு போதும். தேங்காய் நார்த்தூள் மட்டும் போட்டு நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் நனைந்தே கிடக்கும்.

தொட்டிக்குப் பதிலாக இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு அதில் நட்டுப் பாருங்கள். மூன்று நான்கு அங்குலம் மண்ணுக்குள் போனால் போதும். ஆடாமல் இருக்க ஒரு குச்சியில் கட்டுங்கள். பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள். நட்ட அன்று ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிந்த பிறகு காலை வெயில் படும், மழை படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் மணல் முழுக்கக் காய்ந்து, தண்டும் சுருங்கினால் மட்டும் கொஞ்சம். வாரம் ஒருமுறை தாளை விலக்கிப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பாட்டில் ஓரமாக வெள்ளை வேர்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிடுங்கிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், இளம் வேர் சட்டென்று ஒடிந்துவிடும்.

வெள்ளை என்கிறீர்கள். இலை நுனி மழுங்கி, கரும்பச்சையாகப் பளபளக்கிறதா? அப்படியானால் அது கூர்நுனி இலை வகையைவிட வேர்விட அடம்பிடிக்கும் ரகம். கூடுதலாக ஒரு மாதம் பொறுங்கள். வெப்பம் இருந்தால்தான் வேர் நகரும் என்பதால் மாசி முதல் ஆனி வரை நடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டால் பெரும்பாலும் அழுகல்தான்.

முழு அளவில் மூன்று நான்கு இலை விரிந்து, வேரும் தெரிந்த பிறகு தொட்டிக்கு மாற்றலாம். பாட்டிலை நீளவாக்கில் கிழித்து, மணல் உதிராமல் அப்படியே இறக்குங்கள். உங்கள் தொழுவுரத்துக்கு அன்றைக்குத்தான் வேலை, அதுவும் ஒரு கைப்பிடி.