கோழி எலும்பும் குக்கரும்: மாஸ்டர் பதில்கள்

ஹோட்டல் சமையலறையில் சூப் அடுப்பைக் கவனித்துக்கொண்டவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். கோழி எலும்பு, பிரஷர் குக்கர், ஸ்டாக் (எலும்பை வேகவைத்து வடிகட்டிய சாறு) என்ற எல்லைக்குள் கேளுங்கள். மூட்டு வலி, சிறுநீரகம், குழந்தையின் எடை ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மிளகுக்கொடி, ஈரோடு: வணக்கம் மாஸ்டர். எலும்பில்லாத கறி வாங்கும்போது கடைக்காரர் எலும்புக்கூட்டைத் தனியாகக் கட்டித் தருகிறார். இதுவரை வீணாக்கிவிட்டேன். 5 லிட்டர் குக்கரில் ஸ்டாக் வைக்க எத்தனை விசில் விட வேண்டும்?

முதலில் விசில் கணக்கை மறந்துவிடுங்கள், அம்மா. உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டதும் நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. விசில் சொல்வது அவ்வளவுதான். எவ்வளவு நேரம் வெந்தது என்று அது சொல்லாது. பெரிய பர்னரில் தீயை முழுக்க வைத்தால் எட்டு விசில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். சிறு தீயில் அதே எட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். பருப்புக்கு விசில் கணக்கு பலிப்பதற்குக் காரணம், அதே குக்கரில், அதே அடுப்பில், அதே அளவுப் பருப்பைத் தினமும் வைக்கிறீர்கள். எலும்புக்கு நிமிடக் கணக்குதான் சரி.

ஒரு கிலோ பச்சை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு, கழுத்து, இறக்கை நுனி எல்லாம் இருக்கட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் நுரையீரல் துணுக்குகளையும் இரத்தக்கட்டையும் விரலால் நெம்பி எடுத்துவிடுங்கள். கசப்புக்கும் கலங்கலுக்கும் பாதிக் காரணம் அவைதான். எலும்பைத் திறந்த பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் சாம்பல் நிற நுரை பொங்கும். சில நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் மூடினால் அந்த நுரை வெயிட் உட்காரும் குழாய்க்குள் ஏறும். குழாய் அடைத்த குக்கர் ஆபத்தானது.

இனிக் குக்கர். எலும்பு மூழ்கி ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் போதும். எலும்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், தட்டிய இஞ்சித் துண்டு, பத்து மிளகு. உப்பு வேண்டாம், ஏனெனில் இதைப் பிற்பாடு எதற்காக வற்ற வைப்பீர்கள் என்று இப்போது தெரியாது. மஞ்சள் தூளும் கரம் மசாலாவும் வேண்டாம். தீயை முழுக்க வைத்து முதல் விசில் வந்ததும் குறைத்துவிடுங்கள். அங்கிருந்து 50 நிமிடம். அதற்குள் எப்போதாவது ஒரு விசில் வந்தால் பரவாயில்லை, வராவிட்டால் இன்னும் நல்லது. அடுக்களை முழுக்க மணக்கிறது என்று மகிழாதீர்கள். அது ஸ்டாக்கில் இருந்திருக்க வேண்டிய மணம்.

அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தொடாதீர்கள். உள்ளே தண்ணீர் 120 டிகிரி செல்சியஸுக்கு அருகில், கொதிக்காமல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது. வெயிட்டைத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று விழுந்து மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்தெழும். கொழுப்பும் தண்ணீரும் கலந்து ஸ்டாக் பால் நிறமாகிவிடும். கை வெந்தால் அது தனிக் கணக்கு. இருபது, இருபத்தைந்து நிமிடம் பொறுத்தால் தானாகவே இறங்கும். பிறகு வடிகட்டுங்கள்.

இரவுப்பசி, திருச்சி: பிராய்லருக்கு எத்தனை விசில், நாட்டுக்கோழிக்கு எத்தனை விசில்?

மேலே உள்ள பதிலின் முதல் வரி உங்களுக்கும் சேர்த்துத்தான். பிராய்லர் எலும்பு 50 நிமிடம். நாட்டுக்கோழிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாமக்கல் பக்கம் முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைக்கும். கறி சவ்வுபோல் இழுக்கும் என்று பலர் ஒதுக்குவார்கள். ஸ்டாக்குக்கு அதைவிடச் சிறந்த பறவை இல்லை. வயது ஏற ஏறச் சுவையும் ஏறுகிறது. ஒன்றேகால் மணி நேரம் கொடுங்கள்.

புதுக்குடித்தனம், தாம்பரம்: ஸ்டாக்கை ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் அல்வாபோல் ஆடுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. நன்றாக வந்திருக்கிறது. தோல், குருத்தெலும்பு, தசைநார் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம் வெந்து, குளிர்ந்தால் உறையும் ஜெலட்டினாக மாறியிருக்கிறது. சூடாக்கினால் இளகிவிடும்.

மூன்றாம் மாடி, கோவை: எனக்கு உறையவே இல்லை, தண்ணீராக நிற்கிறது. எட்டு விசில் விட்டேன்.

எட்டு விசில். சரி. தண்ணீர் அதிகமாகியிருக்கும், அல்லது நெஞ்செலும்பை மட்டும் போட்டிருப்பீர்கள். அடுத்த முறை கோழிக்கால் நான்கைந்து சேருங்கள். பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். வெந்நீரில் அரை நிமிடம் முக்கி மஞ்சள் தோலை உரித்து, நகங்களை வெட்டிவிட்டுப் போட வேண்டும். உறையாவிட்டாலும் சுவை இருந்தால் பயன்படுத்துங்கள், கொட்டாதீர்கள்.

பழைய பானை, பாண்டிச்சேரி: மாஸ்டர் கோபிக்கக் கூடாது. குக்கரில் ஸ்டாக் வைப்பது குறுக்கு வழி. பிரெஞ்சுக்காரர்கள் திறந்த பானையில் நாள் முழுக்க வைப்பார்கள். அதுதான் முறை.

கோபமில்லை, ஐயா. ஆனால் குக்கரைக் கண்டுபிடித்தவரே பிரெஞ்சுக்காரர்தான். டெனி பாப்பான் என்பவர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் அதைக் காட்டினார். அவர் செய்தது எலும்பை மென்மையாக்கும் இயந்திரம். நாம் அதில் பருப்பு வேகவைப்பது பிற்காலக் கதை. 1682இல் அதில் சமைத்த விருந்தொன்றை உண்ட ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், மாட்டெலும்பே பாலாடைக்கட்டிபோல் மென்மையாக இருந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பாத்திரம் வெடிக்காமலிருக்க வால்வு பொருத்தியதும் பாப்பான்தான். ஆகவே குக்கருக்குள் எலும்பு போவது முறைகேடு அல்ல.

திறந்த பானைக்கு ஒரு நன்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நுரையை அவ்வப்போது எடுக்கலாம், ருசி பார்த்துப் பார்த்து நிறுத்தலாம். ஆனால் நான்கைந்து மணி நேரம் எரியும் சிலிண்டருக்கு யார் பணம் கட்டுவது?

குளிர்காலம், ஊட்டி: எங்கள் ஊரில் எதுவும் சீக்கிரம் வேகாது. ஸ்டாக்குக்கும் அப்படியா?

அந்த உயரத்தில் திறந்த பானைத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான். குக்கரில் வித்தியாசம் சில டிகிரிதான். பத்து நிமிடம் கூட்டுங்கள். குக்கர் உங்கள் ஊருக்குத்தான் அதிகம் தேவை.

பனிமனிதன், டொராண்டோ: நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கூடு இருக்கிறது. மின்சாரக் குக்கர்தான் வைத்திருக்கிறேன். எத்தனை விசில்? இதில் விசிலே வருவதில்லை.

விசில் வராத குக்கர் வைத்திருப்பவரும் விசில் கேட்கிறார்! கூட்டைக் கையால் உடைத்துத் தட்டையாக்கி அடுக்குங்கள், இல்லாவிட்டால் மூழ்க வைக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே போவீர்கள். பெரும்பாலான மின்சாரக் குக்கர்கள் அடுப்புக் குக்கரைவிடக் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை. ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். ஓவனில் வாட்டிய எலும்பு என்பதால் கொதிக்கவைத்துக் கொட்டும் வேலை தேவையில்லை. வாட்டிய தட்டில் ஒட்டிய பழுப்பையும் சுரண்டிப் போடுங்கள், அதில்தான் நிறமும் சுவையும்.

இரண்டாவது மருமகள், திண்டுக்கல்: மாஸ்டர், என் மாமியார் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்ட தட்டுகளிலிருந்து கோழி எலும்பைச் சேர்த்துவைத்து, "குக்கரில் போடு, சூப் வரும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. செய்யலாமா?

உங்கள் மனம் சொல்வதே சரி. கடித்து உறிஞ்சிய எலும்பில் குருத்தும் மஜ்ஜையும் போய்விட்டிருக்கும். மிஞ்சியது மசாலா ஒட்டிய சக்கை. அதிலிருந்து வருவது பழுப்புத் தண்ணீர்.

வீணாக்காதவள், மதுரை: குறுக்கிடுகிறேன். ஐந்து பேர் சாப்பிட்ட வீட்டில் ஒரு கோழி வாங்குவதே மாதத்துக்கு ஒருமுறை என்று வளர்ந்தவள் நான். தட்டெலும்பை மறுபடி கொதிக்கவைத்துத்தான் மறுநாள் ரசம். நீங்களே 120 டிகிரி என்கிறீர்கள். அதில் எந்தக் கிருமி பிழைக்கும்?

காவிரிக்கரை, கும்பகோணம்: கிருமி சாகும், எச்சில் சாகாது. நான் அந்த ரசத்தைத் தொடமாட்டேன்.

வீணாக்காதவள்: உங்களை யார் கூப்பிட்டார்கள்? பிள்ளை மிச்சம் வைத்ததை அம்மா சாப்பிடுகிறாளே, அது எச்சில் இல்லையா?

காவிரிக்கரை: அது அவள் பிள்ளை. பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கடித்த எலும்பும் அதுவும் ஒன்றா?

நாற்பது இலை, காரைக்குடி: பந்தி வீட்டில் ஒரு சமையல்காரர் இப்படிச் செய்ததைப் பார்த்தேன். அன்றோடு வெளியில் சூப் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

சரி, ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். மதுரை அம்மாவின் கணக்கு பாதி சரி. அந்த வெப்பத்தில் கிருமிகள் பிழைக்காது. ஆனால் சாப்பிட்டு முடித்துக் கதை பேசி, மதியம் முழுக்கத் தட்டிலேயே கிடந்த எலும்பு வேறு விஷயம். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் அதில் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டால், கிருமி செத்தாலும் நஞ்சு கொதியில் அழியாது. வாந்தி வரலாம். தட்டிலிருந்து உடனே குக்கருக்குப் போனால் அந்த ஆபத்து குறைவு.

எச்சில் என்பது வெப்பமானி பார்த்துச் சொல்லும் சங்கதி அல்ல. ஒரே குடும்பம், எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சம்மதம் என்றால் அது உங்கள் வீடு. விருந்தாளிக்குச் சொல்லாமல் ஊற்றுவது வேறு. காரைக்குடிக்காரர் பார்த்தது அந்த வேறு. ஹோட்டலில் மேசைக்குப் போய் வந்த எதுவும் அடுப்புக்குத் திரும்பக் கூடாது. இதில் எனக்கு விவாதமே இல்லை.

மருமகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். குழம்பு வைக்கும் முன்பே முதுகு, கழுத்து, இறக்கை நுனி மூன்றையும் எடுத்து ஃபிரீசரில் சேர்த்துவாருங்கள். கிரில் கோழி வாங்கினால் பரிமாறுவதற்கு முன்பே கறியைப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டுக் கூட்டை உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாமியாருக்கு எலும்பு வீணாகக் கூடாது, உங்களுக்கு எச்சில் கூடாது. இரண்டும் நடக்கும்.

வீணாக்காதவள்: அப்படியானால் குழம்பில் எலும்பு குறையுமே, மாஸ்டர். எலும்பு இல்லாத குழம்பை யார் சாப்பிடுவார்?

கழுத்துக்குச் சண்டை போடும் வீடு என்றால் கழுத்தை விட்டுவிடுங்கள். முதுகு போதும்.

காவிரிக்கரை: கழுத்து எனக்கு.

சோம்பேறி, சென்னை: இரவு வைத்த ஸ்டாக்கைக் குக்கரைத் திறக்காமலே காலை வரை மேடையில் விடலாமா? உள்ளே எல்லாம் செத்துவிட்டது என்று மேலே நீங்களே சொன்னீர்கள்.

கூடாது. எல்லோரும் கேளுங்கள். குக்கர் ஆறும்போது உள்ளே நீராவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகிறது. வெயிட் இருக்கும் குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அது அடைத்து மூடிய டப்பா அல்ல. காற்றோடு வந்தவை வெதுவெதுப்பான ஸ்டாக்கில் இரவு முழுக்க விருந்து உண்ணும். சென்னை வெயில் காலத்தில் அடுக்களையே 33 டிகிரி. வடிகட்டி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறி, இரண்டு மணி நேரத்துக்குள் நன்றாக ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் ஃபிரீசர். மின்வெட்டு நீண்டு ஃபிரீசரில் இருந்தது இளகி அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

எலும்பு பலம், சேலம்: ஒரு கரண்டி வினிகர் விட்டால் கால்சியம் முழுவதும் இறங்கிவிடுமாமே? அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்திருக்கிறது.

இறங்குவது மிகக் கொஞ்சம். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஸ்டாக் அதன் பக்கத்தில்கூட வராது. அப்பாவுக்குப் பால், முட்டை, மருத்துவர் சொன்ன மாத்திரை. சூப் வாய்க்கு இதமாக இருக்கும், கொடுங்கள். அலுமினியக் குக்கர் என்றால் வினிகரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

யூரிக் அமிலம், வேலூர்: எனக்குக் கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி) இருக்கிறது. குடிக்கலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். நான் எல்லையை முதலிலேயே போட்டேன்.

ஞாயிறு மட்டும், ஆவடி: ஆட்டுக்காலுக்கும் இதே நேரமா?

ஆடு வேறொரு நாள்.

அவசரம், பெங்களூரு: மேலே படிக்க நேரமில்லை. எத்தனை விசில்?

உங்களுக்கு நேரமில்லை என்றால் ஸ்டாக்கும் வேண்டாம்.

பழைய குக்கர், தஞ்சாவூர்: மாமியார் வீட்டுச் சீதனக் குக்கர். மூடி ஓரமாக ஆவி கசிகிறது. இதில் 50 நிமிடம் வைக்கலாமா?

வேண்டாம். கசிந்தால் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் மாற்றுங்கள். அந்தக் கம்பெனி, அந்த அளவு பார்த்து வாங்குங்கள், எதையோ வாங்கித் திணிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். புதிதாகவே வாங்குவதென்றால் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாலாட்டி, நாகர்கோவில்: வெந்த எலும்பை எங்கள் நாய்க்குப் போடலாமா? மேலே படியும் கொழுப்பை என்ன செய்வது?

வெந்த கோழி எலும்பு கூராகச் சிதறும், தொண்டையையும் குடலையும் கிழிக்கும். போடாதீர்கள். வெங்காயம் போட்ட ஸ்டாக்கும் நாய்க்கு ஆகாது. எலும்பு விரலால் நசுங்கும் அளவுக்கு வெந்திருந்தால் நசுக்கித் தென்னைக்கு அடியில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் அதே நாய் தோண்டி எடுத்துவிடும். கொழுப்பை ஃபிரிட்ஜில் இறுகியதும் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்து, பிரியாணிக்கு வெங்காயம் வதக்கும்போது எண்ணெயோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.