ஒற்றைத் தலைவலியும் ஏற்காடு பஸ்ஸும்

கேள்வி: டாக்டர் மேடம், வயது 34. வீடு சேலம் அஸ்தம்பட்டி, டீச்சர் வேலை ஏற்காட்டில். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பே வலது நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சமே ஆகாது. உதிரம் பட்டதும் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி. பஸ்ஸில் புரட்டும் என்று காலையில் சாப்பிடுவதில்லை, வழியில் ஒதுங்க முடியாது என்று தண்ணீரும் குடிப்பதில்லை. மெடிக்கலில் வாங்கும் தலைவலி மாத்திரை மாதத்தில் பன்னிரண்டு நாளாவது போடுகிறேன். மூக்கில் விடும் தைலம் நல்லது என்கிறார்களே, விடலாமா?

பதில்: டீச்சர், தைலத்துக்கு அப்புறம் வருகிறேன். தண்ணீர் குடிப்பதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அடக்கக்கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்கள், பதின்மூன்று என்று ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சொல்கிறது. சிறுநீரை அடக்கினால் வரும் தொல்லைகளில் அடிவயிற்று வலியோடு தலைவலியையும் சேர்த்தே எழுதியிருக்கிறது, மலத்தை அடக்கினாலும் அதே கதைதான். கீழே போகவேண்டிய அபான வாயு வழி மறித்தால் மேலே திரும்பும் என்பது கணக்கு. மாதவிலக்கு வலியில் ஒரு வகைக்கு உதாவர்த்தினி, அதாவது மேல்நோக்கித் திரும்புவது, என்று பெயர் வைத்ததே அதனால்தான், உதிரம் வெளியேறினதும் அந்த வலி தணியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாதித் தலையைப் பிளக்கும் உங்கள் தலைவலி அர்த்தாவபேதகம்.

இன்றைய மருத்துவம் வேறு மொழியில் பேசுகிறது. மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மளமளவென்று இறங்குவது தலைவலியைக் கிளப்புகிறது, கர்ப்பப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் வயிற்றை முறுக்குகிறது. இதில் வெறும் வயிறும் வறண்ட உடம்புமாக மலை ஏறினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதல் மருந்து இரண்டு இட்லி, கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால். சட்னி காரமில்லாமல். பஸ்ஸில் முன் சீட்டு, வாயில் ஒரு துண்டு இஞ்சி மொரப்பா. தண்ணீரை எழுந்ததும் குடித்து, கிளம்பும் முன் போய்விட்டு வாருங்கள், மேலே போய் இறங்கியதும் மறுபடி குடியுங்கள்.

இரண்டாவது, காலண்டர். எங்கள் ஆயுர்வேத வைத்தியம் வலி வந்த பிறகு ஓடிவந்து அணைக்கிற ரகம் இல்லை, தேதிக்கு முன்பே ஆரம்பிக்கவேண்டியது. இடுப்பு வலிக்குச் சப்தசாரம் கஷாயத்தை ஏழெட்டு நாள் முன்னாலேயே தொடங்குவோம், அதில் கொள்ளும் சுக்கும் மூக்கிரட்டையும் இருக்கின்றன. தலைக்குப் பத்யாதி கஷாயம்: திரிபலையோடு நிலவேம்பு, மஞ்சள், வேம்பு, சீந்தில், கசப்பில் முகம் கோணும். இரண்டையும் நாடி பார்த்து, வயிறு எப்படி என்று கேட்டு, நேரில்தான் கொடுக்கமுடியும், கடையில் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, தைலம். அணு தைலம் இரண்டு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பாக, தலையைச் சாய்த்து விடுவது நசியம். பலருக்குக் கேட்கிறது. ஆனால் சாப்பிட்ட உடனே, தலைக்குக் குளித்த உடனே, சளி பிடித்திருக்கும்போது, மாதவிலக்கு நாட்களில் கூடாது. உங்களுக்கு வலி வருவதோ சரியாக அந்த நாட்களில்! ஆகவே நடுவில் இருக்கும் நாட்களில்தான்.

மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம். காபீன் கலந்த கூட்டு மாத்திரை என்றால் மாதத்தில் 10 நாளுக்கு மேல் போனாலே அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். உங்களுடையது பன்னிரண்டு. மருத்துவரிடம் காட்டிக் குறையுங்கள். தலைவலிக்கு முன் கண்ணில் கோணல்மாணலாக மின்னல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், வயிற்று வலிக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதும் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பக்கவாத ஆபத்து கூடும். ஒருநாள் திடீரென்று வழக்கமில்லாத இடி போன்ற வலி, வாய் குழறல், கை மரத்தல் என்றால் கஷாயம், தைலம் எல்லாம் ஓரம், நேராக ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: மகளுக்கு 15 வயது. முதல் இரண்டு நாளும் சுருண்டு படுக்கிறாள், ஸ்கூலுக்கு லீவு. மாமியார் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார், உளுந்தங்களியும் கிண்டுகிறார். சரியா? (அம்மாபேட்டை வாசகி)

பதில்: களி சரி, நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாக. அந்த இரண்டு நாள் விட்டு மற்ற நாளில் கொடுங்கள், வலிக்கும்போது செரிக்காது. விளக்கெண்ணெயைக் குடிக்கவேண்டாம், அடிவயிற்றில் தடவி வெந்நீர்ப் பை வையுங்கள். 39 டிகிரி சூடு ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு நிகராக வேலை செய்ததை 2001ல் ஓர் ஆய்வு காட்டியது, ஆக பாட்டியின் ஒத்தடம் லேசுப்பட்டதில்லை. சுக்குப்பொடி கால் டீஸ்பூன், வெல்லத்தோடு, முதல் மூன்று நாள் தினம் இரண்டு வேளை. அப்படியும் லீவு போடுகிறாளென்றால், அல்லது விலக்கு இல்லாத நாளிலும் வலித்தால், ஸ்கேன் எடுங்கள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் கல்யாணத்துக்குக் காத்திருக்காது.

கேள்வி: பார்சலில் வரவழைத்த தலைவலிச் சூரணம், பேர் லேபிள் எதுவும் இல்லை. சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். 2004ல் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. உரிம எண்ணும் சேர்மானமும் அச்சடிக்காத பொட்டலத்தை நானே தொடமாட்டேன்.