கிட்டார் கேள்வி–பதில்: லெகாட்டோவில் ஒலி ஏன் தேய்கிறது?

கேள்வி: ஐயா, இரண்டு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகட்டால்) மீட்டும்போது ஒலி தெளிவாக இருக்கிறது. லெகாட்டோவாக, அதாவது முதல் சுரத்தை மட்டும் மீட்டி மற்றவற்றை இடக்கை விரல்களால் தொடர்ந்து எழுப்பி, வாசித்தால் முதல் சுரம் மட்டும் உரக்கக் கேட்கிறது. அடுத்து வருபவை தேய்ந்துவிடுகின்றன. வேகம் கூடினால் எல்லாம் குழம்புகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் இந்தக் குறை தெரிவதில்லை. என் விரல்களில் பலம் போதவில்லையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: டிஸ்டார்ஷனில் குறை தெரியவில்லை என்று நீங்களே கவனித்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டிஸ்டார்ஷன் உரத்த ஒலியை அழுத்தி, மெல்லிய ஒலியை உயர்த்தி, இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே பிக்கால் மீட்டிய சுரத்துக்கும் விரலால் எழுப்பிய சுரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு காதுக்கு எட்டாமல் போகிறது. மேடையில் அது பெரிய உதவிதான். பயிற்சியில் அது காதை ஏமாற்றும். அடுத்த சில வாரங்களுக்கு ஆம்பை (ஒலிபெருக்கியை) டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் சேனலில் வைத்தே பழகுங்கள்.

லெகாட்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் ‘பிணைக்கப்பட்டது’ என்று பொருள். கிட்டாரில் அந்தப் பிணைப்பைப் பெரும்பாலும் இரண்டு அசைவுகள் உண்டாக்குகின்றன: விரலால் கம்பியைத் தட்டி மேல் சுரத்தை எழுப்பும் ஹேமர்-ஆன், விரலை விடுவித்துக் கீழ்ச் சுரத்தை எழுப்பும் புல்-ஆஃப். ஹேமர்-ஆனில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது பலம் அன்று, விரல் கம்பியைத் தொடும் கணத்தில் அதற்கு இருக்கும் வேகம். விரலை வெகு உயரத்துக்குத் தூக்கி ஓங்கி அடிப்பவர்களுக்குக் கை விரைவில் களைத்துவிடும், நேரமும் தவறும். கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரமே போதும். ஃபிரெட் கம்பியை (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டையை) ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால், விரல் நுனி சட்டென்று விழ வேண்டும். இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவில் விழுந்தால் அதே வேகத்துக்கு ஒலி குறைவாகவும் கரகரப்பாகவும் வரும்.

ஆனால் ஒலி தேய்வதற்கு ஹேமர்-ஆனைவிடப் புல்-ஆஃப் அதிகக் காரணமாக இருப்பதையே பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். புல்-ஆஃப் என்பது விரலை எடுப்பது மட்டும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த விரல் தரையை நோக்கி மிகச் சிறிதளவு இழுத்துக் கம்பியைச் சுண்டிவிட்டுப் போக வேண்டும். இடக்கை விரல் அந்தக் கணத்தில் பிக்கின் வேலையைச் செய்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழ்ச் சுரத்தைப் பிடிக்க வேண்டிய விரல், மேல் விரல் கிளம்புவதற்கு முன்பே கம்பியை அழுத்தியிருக்க வேண்டும். அண்மையில் ஒரு மாணவரின் கையருகே அமர்ந்து பார்த்தபோது, மூன்றாம் கம்பியின் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால்) 9ஆம் ஃபிரெட்டிலிருந்து சுண்டுவிரல் கிளம்பிய பிறகுதான் நடுவிரல் 7ஆம் ஃபிரெட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஆள்காட்டி விரல் பிடித்திருந்த 5ஆம் ஃபிரெட்டின் சுரம் ஒரு கணம் தலைகாட்டி மறைந்தது. அவர் அதைப் பலவீனம் என்று எண்ணி ரப்பர் பந்தை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று விரல்களையும் முன்கூட்டியே கம்பியில் ஊன்றிக்கொண்டு இறங்கச் சொன்னேன். அன்று மாலையே இரண்டாவது சுரம் நிமிர்ந்து ஒலித்தது. உங்களுக்கும் இதே குறை இருக்கக்கூடும் என்றே கருதுகிறேன்.

பயிற்சிக்கு மூன்றாம் கம்பியின் 5, 7, 9ஆம் ஃபிரெட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சி சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் அவை ச, ரி, க ஆகும். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் என்ற வரிசையில் பிடியுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு மூன்று சுரங்களாக, முதல் சுரத்தை மட்டும் பிக்கால் மெல்ல மீட்டி ஏறுங்கள். பிறகு அதேபோல் இறங்குங்கள். மெல்ல என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். விரல்கள் எழுப்பக்கூடிய ஒலியின் அளவுக்குப் பிக்கைத் தணித்துக்கொண்டாலே பாதி ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். பிக்கின் உரப்புக்கு விரல்களை உயர்த்த முயல்வதுதான் கையை இறுக்குகிறது.

அது சீரான பிறகு நான்காம் கம்பியில் 5, 7, 9, மூன்றாம் கம்பியில் 5, 7, 9, இரண்டாம் கம்பியில் 6, 8, 10, முதல் கம்பியில் 7, 8, 10 என்று சி மேஜர் ஸ்கேலை, நம் வழக்கில் சங்கராபரணத்தின் சுரங்களை, கம்பிக்கு மூன்றாகக் கடந்து செல்லலாம். இங்கே இன்னொரு சிக்கல் தலைதூக்கும். பிக் ஒவ்வொரு சுரத்தையும் மீட்டும்போது தாளத்தை வலக்கை காத்துவந்தது. இப்போது அந்தப் பொறுப்பு இடக்கை விரல்களிடம் வருகிறது. அவை முதல் இரண்டு சுரங்களை அவசரமாகத் தள்ளிவிட்டு மூன்றாவதில் தங்கி இளைப்பாறப் பார்க்கும். வேகத்தில் நீங்கள் கேட்கும் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். அதே சுரங்களைத் தட்டுக்கு நான்காகப் பிரித்து வாசித்துப் பாருங்கள். தட்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விரலில் விழுவதால் எந்த விரல் அவசரப்படுகிறது என்பது உடனே பிடிபடும்.

வாசிக்காத கம்பிகளின் இரைச்சலையும் மறக்க வேண்டாம். தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு அடக்குங்கள். மெல்லிய கம்பிகளை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி படுத்தபடி அடக்கட்டும்.

கேள்வி: கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் புல்-ஆஃப் முறையையே தவிர்த்தார் என்கிறார்களே, நானும் அப்படித்தான் பழக வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1946இல் பிறந்து 2017இல் மறைந்த ஹோல்ட்ஸ்வொர்த், இளமையில் விரும்பியது சாக்ஸஃபோனை. ஒரே மூச்சில் பல சுரங்கள் ஓடிவரும் அந்த ஒலியைக் கிட்டாரில் தேடியவர் என்பதை மனத்தில் கொண்டால் அவருடைய கை விளங்கும். கம்பியைப் பக்கவாட்டில் சுண்டும்போது எழும் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இறங்கும்போதும் விரலை நேராகத் தூக்கி, கீழ்ச் சுரத்தை அடுத்த விரலால் தட்டி எழுப்பினார். கேட்பவருக்கு ஏறுவதும் இறங்குவதும் ஒரே தன்மையில் ஒலிக்கும். இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் தொடக்கத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புல்-ஆஃபைச் சீராக வாசிக்கத் தெரிந்தவருக்கே அதைத் தவிர்ப்பதன் பயன் காதில் விழும். ஓராண்டு கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் இரும்புக் கம்பி அக்கூஸ்டிக் கிட்டார்தான் உள்ளது. 5, 7, 9 என்று விரித்தால் சுண்டுவிரல் வலிக்கிறது. தொடரலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அக்கூஸ்டிக்கில் முதல் கம்பி பொதுவாக 0.012 அங்குலத் தடிமன் இருக்கும், எலெக்ட்ரிக்கில் 0.009 அல்லது 0.010. கம்பியும் கழுத்திலிருந்து உயர்ந்து நிற்பதால் விரலுக்கு வேலை கூடுதல். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் காட்டி அந்த உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பித் தொகுதிக்கும் மாறலாம். இடைவெளி குறைவாக உள்ள மேல் ஃபிரெட்டுகளில், 9, 10, 12 என்ற நெருக்கமான அமைப்பில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு ஃபிரெட் வீதம் கீழே இறங்கி வாருங்கள். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைக் கவ்வாமல் பின்புறத்தின் நடுவில் இருந்தால் விரல்கள் தாமாக விரியும். ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை வாசிப்பது உங்கள் கைக்கு ஏற்றது.